ஒரு பீரோ, பத்து ஸ்க்ரூ டிரைவர்... ஆரம்பப் பள்ளியில் ஒரு மேக்கர் ஸ்பேஸ் தொடங்கலாம், வாங்க!

உங்க வீட்டில் தாத்தா இருந்தால் ஒரு கேள்வி கேளுங்க. "நுங்கு வண்டி ஓட்டியிருக்கீங்களா தாத்தா?" அவ்வளவுதான், முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். நோண்டித் தின்ற நுங்குக் காய் ரெண்டு, நடுவில் செருக ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு ஓட நுனி பிளந்த ஒரு கவைக்கொம்பு. வண்டி ரெடி. கடையில் வாங்கியதில்லை, யாரும் பாடம் எடுத்ததில்லை. சக்கரம் ஆடினால் குச்சியை மாற்றினார்கள், கவை கழன்றால் வேறு கொம்பு தேடினார்கள்.

இப்போது அதே வீட்டில் எட்டு வயசுப் பிள்ளை ஒண்ணு இருக்கும். ஓடாத ரிமோட்டைத் திறந்து பார்க்கலாமானு கை நீட்டினால் நாம் என்ன சொல்கிறோம்? "தொடாதே, உடைச்சிடுவ!"

அந்த ஒரு வார்த்தையை மாற்றுவதற்கான இடம்தான் மேக்கர் ஸ்பேஸ். பெரிய நகரத்துப் பள்ளிகளில் கண்ணாடி ரூம், 3டி பிரின்டர், ரோபோ என்று போட்டோவில் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லாமல், நம்ம ஊர் ஆரம்பப் பள்ளியில், ஒரு பழைய பீரோவை வைத்தே இதைத் தொடங்க முடியும். எப்படினு பார்க்கலாம்.

குச்சனூரை எடுத்துக்கொள்வோம்

தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டம், சின்னமனூர் பக்கத்தில் சுரபி நதிக்கரையில் இருக்கிறது குச்சனூர். சுயம்பு சனீஸ்வரர் கோயிலால் ஊரே பிரபலம். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். ஊர்ப் பெயருக்குக் கோயில் தலவரலாறு ஒரு காரணம் சொல்கிறது: இங்கே சனீஸ்வரருக்கு முதலில் அமைந்த கோயில், குச்சுப்புல்லால் கூரை வேய்ந்ததாம். அதனால்தான் குச்சனூர்.

கையில் கிடைத்த புல்லை வைத்துக் கூரை போட்ட கதையையே பேராக வைத்திருக்கும் ஊர்! அப்படி ஒரு ஊரின் தொடக்கப் பள்ளியில் இதைத் தொடங்குவதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம். உங்க ஊர் கம்பமாக இருந்தாலும் கடலூராக இருந்தாலும் முறை ஒன்றுதான். நீங்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியராக, பெற்றோராக, அங்கே படித்துவிட்டு இப்போது கோவையிலோ சென்னையிலோ வேலை பார்க்கிற பழைய மாணவராக, யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஏன் ஆரம்பப் பள்ளி?

"அரசாங்கமே லேப் வைக்குதே, நாம எதுக்கு?" நியாயமான கேள்விதான்.

மத்திய அரசின் நிதி ஆயோக் 2016-ல் தொடங்கிய 'அடல் டிங்கரிங் லேப்' திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை கிடைக்கிறது. ஆனால் அது 6 முதல் 12-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கானது. லேபுக்கு 1,500 சதுர அடி இடமும் கேட்கிறார்கள். 2025 பட்ஜெட்டில், ஐந்து வருடங்களில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 லேப்கள் என்று அறிவித்தார்கள்.

தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய 'வானவில் மன்றம்' நல்ல திட்டம். அறிவியல், கணிதப் பரிசோதனைகள் பள்ளிக்கே தேடி வருகின்றன. ஆனால் அதுவும் 6 முதல் 8-ம் வகுப்புக்குத்தான்.

ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைக்கு? 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டு, அட்டை, விளையாட்டு என்று வகுப்பறை கலகலப்பாக மாறியிருக்கிறது. ஆனால் திருகாணி, சுத்தியல், ஊசி, பேட்டரி? அதற்கு ஆறாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். "எனக்கு இதெல்லாம் வராது", "இது பசங்க வேலை" என்ற எண்ணங்கள் அதற்கு முன்னாடியே மனசில் உட்கார்ந்துவிடுகின்றன. அப்புறம் எவ்வளவு நல்ல லேப் வந்தாலும், பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற பிள்ளை பின்னாலேயேதான் நிற்கும். ஆரம்பப் பள்ளியில் தொடங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இது புதுசா?

பேர்தான் புதுசு. காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் மையமே கைத்தொழில் வழியாகப் படிப்பதுதான். ஐ.ஐ.டி கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா, 1970-களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் சேர்ந்து, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவியல் சொல்லிக் கொடுத்தார். குப்பையில் இருந்து பொம்மை செய்யும் அவருடைய முறைகள் இன்று வீடியோவாக இலவசமாகக் கிடைக்கின்றன. 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். புனே பக்கம் பாபல் கிராமத்தில் டாக்டர் கல்பாக் 1983-ல் தொடங்கிய விக்யான் ஆசிரமம், அமெரிக்காவின் எம்.ஐ.டி-க்கு வெளியே முதன்முதலாக 'ஃபேப் லேப்' அமைந்த இடங்களில் ஒன்று. கிராமத்தில்தான், கவனியுங்க!

ஆனால் நம்ம மாநிலத்தில் இந்தக் கதைக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் அப்பாவின் தொழிலைப் பழக வேண்டும். 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியாரும் தி.மு.க-வும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

அதனால், "பிள்ளைங்க கையில சுத்தியலா? படிக்க அனுப்பினா வேலை பழக்குறீங்களா?" என்று உங்க ஊரில் ஒரு அம்மா கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் எழுபது வருட நியாயம் இருக்கிறது. பதில் தெளிவாக இருக்கட்டும். அன்றைக்கு அப்பாவின் தொழிலைத்தான் பிள்ளை பழக வேண்டும் என்றார்கள். இங்கே எல்லாப் பிள்ளைக்கும் எல்லாக் கருவியும். தச்சர் வீட்டுப் பிள்ளை எல்.இ.டி எரிய வைக்கும், டாக்டர் வீட்டுப் பிள்ளை தரை கூட்டும், பையன் ஊசி கோப்பான், பொண்ணு ரம்பம் பிடிப்பாள். பாட நேரத்தில் ஒரு நிமிஷம்கூடக் குறையாமல், வாரத்தில் ஒரு பீரியட் மட்டும்.

படி 1: யாரிடம் பேசணும்?

முதலில் தலைமை ஆசிரியர். அவர் அனுமதி இல்லாமல் ஒரு அட்டைப்பெட்டிகூட உள்ளே போகக் கூடாது. போகும்போது "மேக்கர் ஸ்பேஸ்" என்று பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம். "சார், வாரத்துல ஒரு பீரியட், பிள்ளைங்க கையால செஞ்சு பழக ஒரு பீரோ வைக்கலாமா?" போதும். கூடவே, இது பாடத்துக்கு எப்படி உதவும் என்று சொல்லுங்க. அட்டையை அளந்து வெட்டினால் அது கணக்கு. செய்த முறையை நாலு வரி எழுதினால் அது தமிழ்.

அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி, அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். பாதிப் பேர் பெண்கள். குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வாங்குங்க. அதில் இந்த வரி கட்டாயம் இருக்கட்டும்: "இந்தப் பொருட்கள் பயன்படுத்தித் தீர்ப்பதற்கானவை, பயன்பாட்டில் உடைவதும் தீர்வதும் இயல்பு."

ஏன் இந்த வரி? பள்ளிக்கு வரும் பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் ஆசிரியருக்கு வரும். உடனே பீரோவுக்குப் பூட்டு விழும், சாவி மேசை டிராயருக்குள் போகும். ரிப்பன் வெட்டிய அன்றைக்கு இருந்த பளபளப்போடு பொருட்கள் அப்படியே தூங்கும். காசு இல்லாததால் நின்று போவதைவிட, இந்தப் பயத்தால் நின்று போவதுதான் அதிகம் நடக்கக்கூடியது. அந்த ஒரு வரி ஆசிரியருக்குக் கவசம்.

பணமாகவோ பொருளாகவோ தர நினைக்கிற பழைய மாணவர்களுக்கு, 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது. கையில் காசு வாங்கிக் கணக்கில்லாமல் செலவு செய்யாதீங்க. நல்ல காரியம் கெட்ட பேரோடு முடியும்.

படி 2: இடம்

தனி ரூம் தேவையில்லை. ரெண்டு டீச்சர், ரெண்டு ரூம் மட்டுமே இருக்கிற பள்ளிகளில் ரூம் கேட்டால் காரியம் அங்கேயே நின்றுவிடும். வராந்தாவின் ஒரு மூலை, அல்லது மரத்தடி. தேவை மூன்றுதான்:

* பூட்டக்கூடிய ஒரு பழைய ஸ்டீல் பீரோ. ஊரில் யார் வீட்டிலாவது ஒன்று சும்மா கிடக்கும்.

* சுவரில் ஒரு பலகை. அதில் ஆணி அடித்து ஒவ்வொரு கருவியையும் மாட்டி, பின்னால் அதன் உருவத்தை பெயின்ட்டால் வரைந்துவிடுங்க. பீரியட் முடிந்ததும், எந்த உருவம் காலியாக இருக்கிறதோ அந்தக் கருவி காணோம். எண்ணத் தேவையில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். பீரியட் முடிந்ததும் பலகையைக் கழற்றி பீரோவுக்குள் வைக்கிற மாதிரி அமைத்தால் இன்னும் நல்லது.

* தரையில் ஒரு பழைய தார்ப்பாய். கீழே விழும் திருகாணி தொலையாது, கூட்டுவதும் சுலபம்.

படி 3: கருவிகள்

சின்னமனூரிலோ தேனியிலோ உள்ள ஹார்டுவேர் கடையில் எல்லாமே கிடைக்கும். வயசைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்க.

1, 2-ம் வகுப்பு: நுனி மழுங்கிய கத்தரி, பசை, களிமண், கயிறு, துணி, ஸ்கேல், ஓட்டை போடும் பஞ்ச்.

3-ம் வகுப்பு முதல்: சின்ன ஸ்டார், ஃப்ளாட் ஸ்க்ரூ டிரைவர்கள், பெரிய கண் உள்ள ஊசி, அளக்கும் டேப், குறடு, பேட்டரி ஹோல்டர், எல்.இ.டி, வயர்.

4, 5-ம் வகுப்பு: சின்ன சுத்தியல், கை ரம்பம், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், பொம்மை மோட்டார். ரம்பம் பிடிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றே ஆக வேண்டும்.

கொத்தனார் யாராவது தெரிந்தால் ஒரு ரசமட்டமும் தூக்குக்குண்டும் கேட்டு வாங்குங்க. "நம்ம ஸ்கூல் சுவர் நேரா இருக்கா?" என்று பிள்ளைகளே செக் பண்ணுவதைப் பார்க்க வேண்டுமே!

பத்துப் பேருக்கு ஒரு செட் என்று வாங்கி, சுழற்சியில் விட்டால் போதும். பீரோ நன்கொடையாகக் கிடைத்துவிட்டால், முப்பது பிள்ளைகளுக்கான கருவிகளை ஐந்தாயிரத்தில் இருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் அடக்கலாம். கடைக்குக் கடை விலை மாறும், பேரம் பேசுங்க. ஒன்று மட்டும்: ஸ்க்ரூ டிரைவரை மலிவாக வாங்காதீங்க. முனை தேய்ந்து வழுக்கினால்தான் கையில் குத்தும்.

படி 4: பொருட்கள்

இதில்தான் கம்பம் பள்ளத்தாக்கு பணக்கார ஊர்! திராட்சை, பழக்கடைகளில் மிஞ்சும் அட்டைப்பெட்டிகள், தென்னை ஈர்க்கு, கொட்டாங்குச்சி, வாழைநார், மூங்கில், தோட்டத்தில் வெட்டிப்போட்ட சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகள், டெய்லர் கடைத் துணி வெட்டு, பஞ்சர் கடை டியூப். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சைக்கிளில் ஒரு சுற்று வந்தால் மூன்று மாதத்துக்குப் பொருள் சேர்ந்துவிடும்.

பூச்சிமருந்து, உரம் வந்த டப்பா, சாக்கு, குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம். கழுவினாலும் வேண்டாம்.

படி 5: முதல் எட்டு வாரம்

வாரம் 1: கழற்று. ஓடாத ரிமோட், கீபோர்டு, மவுஸ், சுவர்க் கடிகாரம். செல்லை முதலில் எடுத்துவிட வேண்டும். எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று சொல்லிவிடாதீங்க, அவர்களே கண்டுபிடிக்கட்டும். உள்ளே என்ன பார்த்தோம் என்று படம் வரையட்டும்.

வாரம் 2: தாங்குமா? அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி விளையாட்டு. மருந்து சுரண்டிய குச்சிகளை வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து ஒரு சதுரம், ஒரு முக்கோணம். விரலால் அழுத்தினால் சதுரம் சாயும், முக்கோணம் அசையாது. அப்புறம் வெளியே போய் செல்போன் டவரைக் காட்டுங்க. "எத்தனை முக்கோணம் இருக்கு, எண்ணு!"

வாரம் 3: சுத்துமா? ஓலைக் காற்றாடி. பனை ஓலையோ தென்னை ஓலையோ, அதை மடிக்க ஊர்ப் பாட்டி ஒருவரைக் கூப்பிடுங்க. தேனிக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? கம்பம் கணவாய்க் காற்றை நம்பித்தானே மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. இறக்கையை அகலமாக்கினால் வேகம் கூடுதா, குறையுதா என்று பார்க்கட்டும்.

வாரம் 4: எரியுமா? ரெண்டு பென்சில் செல், ஒரு வெள்ளை எல்.இ.டி, ரெண்டு வயர். எல்.இ.டி-யின் நீளமான கால் பேட்டரியின் பிளஸ் பக்கம். மாற்றிக் கொடுத்தால் எரியாது, கெட்டும் போகாது. சிவப்பு எல்.இ.டி என்றால் நடுவில் 100 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்று வையுங்க. எரிந்த அந்த நொடி வருகிற கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பு டீச்சரே எட்டிப் பார்ப்பார்.

வாரம் 5: தை. பட்டன் தைக்கணும், துணிப் பொம்மை தைக்கணும். எல்லோரும், முக்கியமாகப் பையன்கள். ஊர் டெய்லர் அக்காதான் அன்றைக்கு டீச்சர்.

வாரம் 6: ஓடும் தண்ணீர். தெர்மாகோல் வட்டில் ஐஸ்க்ரீம் ஸ்பூன்களைச் செருகி ஒரு நீர்ச்சக்கரம். மேலே இருந்து தண்ணீர் ஊற்றினால் சுற்றும். இன்னும் உயரத்தில் இருந்து ஊற்றினால்? இப்போது லோயர் கேம்ப் மின்நிலையத்தின் கதையைச் சொல்லுங்க. மலையில் இருந்து குழாயில் இறங்கும் பெரியாறு தண்ணீர்தான் அங்கே டர்பைனைச் சுற்றுகிறது. மின்சாரம் கொடுத்துவிட்டு அதே தண்ணீர்தான் கீழே வயலுக்கும் வருகிறது.

வாரம் 7: நம்ம ஸ்கூல் பிரச்னை. பிள்ளைகளே ஒன்றைச் சொல்லட்டும். செருப்பு வைக்க இடம் இல்லையா? சத்துணவு நேரத்தில் காக்கா தட்டுக்கு வருதா? குச்சனூரில் காக்கா சனீஸ்வரரின் வாகனம், விரட்ட மனசு வராது. அதற்குத் தனியாக ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சாப்பாட்டுத் தட்டு செய்து மரத்தில் மாட்டினால் என்ன?

வாரம் 8: காட்டும் நாள். பெற்றோர்களைக் கூப்பிடுங்க. ஒவ்வொரு பிள்ளையும் ரெண்டு விஷயம் சொல்லணும்: "நான் செஞ்சது இது. முதல்ல இப்படிச் செஞ்சேன், சரியா வரல."

பாதுகாப்பு: இதில் மட்டும் சமரசம் இல்லை

* வீட்டுக் கரன்ட் பக்கமே போகக் கூடாது. எல்லாமே பென்சில் செல்தான்.

* வட்டமான பட்டன் செல் பள்ளிக்குள் வேண்டாம். சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். தப்பித்தவறி விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரி. கழற்றக் கொண்டுவரும் பொம்மையிலும் பட்டன் செல் இருக்கிறதா என்று பெரியவர் முதலில் பார்க்கணும். குட்டியான, வலுவான காந்தமும் இதேபோல் ஆபத்து.

* பழைய டியூப் டி.வி, செல்போன் பேட்டரி, டியூப் லைட், சி.எஃப்.எல் பல்பு ஆகியவற்றைக் கழற்றவே கூடாது.

* ஃபெவிகுவிக் மாதிரியான உடனடி பசை வேண்டாம். சூடான க்ளூ கன், பெரியவர் கையில் மட்டும்.

* பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். எந்த நேரமும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கணும். அதில் ஒருவர் பள்ளி ஆசிரியராக இருக்கட்டும்.

* முதலுதவிப் பெட்டி பீரோவுக்கு மேலே, பூட்டில்லாமல்.

* பிள்ளைகள் போட்டோவைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இன்ஸ்டாவில் போடாதீங்க. லைக்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்.

ஸ்க்ரூ டிரைவர் யார் கையில்?

எட்டு வாரமும் நன்றாக நடந்தாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டால் எல்லாம் வீண். முதல் நாளே பாருங்க. கருவியைத் தரையில் வைத்து "எடுத்துக்கோங்க" என்று சொன்னால், சத்தமாகப் பேசும் நாலு பையன்கள் பாய்ந்து எடுப்பார்கள். பொண்ணுங்க நோட்டில் எழுதுவார்கள், கடைசியில் தரையும் கூட்டுவார்கள். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை, வீட்டில் பார்த்தது.

அதனால் வருகைப் பதிவேட்டு வரிசைப்படிதான் கருவி. இந்த வாரம் கருவி பிடித்தவர் அடுத்த வாரம் எழுதணும், அதற்கடுத்த வாரம் கூட்டணும். "நல்லாப் படிக்கிற பிள்ளைங்க மட்டும்" என்று தேர்வு வைக்காதீங்க. வாசிக்கத் திணறுகிற பிள்ளை கடிகாரத்தைக் கழற்றித் திரும்ப மாட்டி, மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். அன்றைக்கு வகுப்பில் அந்தப் பிள்ளையின் இடமே மாறும். "உங்க அப்பா செய்ற வேலைதானே, உனக்கு ஈஸி" என்று விளையாட்டாகக்கூட யாரும் சொல்லக் கூடாது. இங்கே வருகிற பெரியவர்களுக்கும் அந்த விதி பொருந்தும்.

பெரியவர்களுக்கு இன்னொரு விதியும் உண்டு: கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்க. பிள்ளை தடுமாறும்போது வாங்கிச் செய்துகொடுக்கக் கை பரபரக்கும். பொறுங்க. "இப்ப என்ன ஆச்சு? வேற எப்படி செய்யலாம்?" இந்த இரண்டு கேள்விகள் போதும்.

சரியா வரலைன்னா?

வராது. பாலம் சாயும், சக்கரம் சிக்கும், எல்.இ.டி எரியாது. அப்போது சொல்ல ஒரு கதை இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. பென்னிகுக் படத்தை வீட்டில் மாட்டி, அவர் பிறந்த ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிற மாவட்டம் இது. முல்லைப் பெரியாறு அணை வேலை 1887-ல் தொடங்கியது, 1895-ல்தான் திறந்தார்கள். நடுவில், ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகக் கரைகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின, அதுவும் ஒரு தடவை இல்லை. திரும்பத் திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கு குச்சனூர் வயலில் பாயும் தண்ணீர், முதல் முயற்சியிலேயே வந்தது இல்லை.

அதனால் சுவரில் 'சரியா வரல' என்று எழுதி ஒரு சார்ட் ஒட்டுங்க. சாய்ந்த பாலமும் எரியாத விளக்கும் படமாக அதில் ஏறட்டும். எந்த வாரமாவது சார்ட் காலியாக இருந்தால், பிள்ளைகளுக்கு வேலை ரொம்ப சுலபமாகிவிட்டது என்று அர்த்தம்.

தொடர்ந்து நடக்க...

தொடங்கி வைக்க ஆர்வம் போதும், அடுத்த வருடமும் நடக்க ஆள் வேணும். ஒரே ஆளை நம்பாதீங்க. அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் பீரோவும் ஓய்வெடுக்கும். பக்கத்து ஐ.டி.ஐ, பாலிடெக்னிக் பசங்க, இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள், பைக் மெக்கானிக், தச்சர், டெய்லர் அக்கா என்று எட்டுப் பேர் பட்டியல் போட்டால், ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் முறை வரும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழைப் பள்ளிக்கு வரவழைத்தால் புதுப் புது ஐடியாக்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

3டி பிரின்டர், ரோபோ எல்லாம்? வரட்டும், ஒரு நாள். ஆறாம் வகுப்பில் அந்த லேப் கிடைக்கும்போது இந்தப் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பார்கள்.

அதுவரை, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை. உங்க வீட்டில் ஓடாத ரிமோட் ஒன்று நிச்சயம் இருக்கும். செல்லை எடுத்துவிட்டு, ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரோடு பக்கத்து வீட்டு மூணாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்க. "தொடாதே" என்பதற்குப் பதிலா, "உள்ள என்ன இருக்குனு பார்த்துச் சொல்லு பாப்பா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்க.